கை எந்தச் சொல்லில் எழுந்தது?

நண்பர்களே, கன்டினியுட்டி, அதாவது ஒரே காட்சியைப் பல ஷாட்டாக எடுக்கும்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவது, என்றதும் சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், கிளாஸில் தண்ணீரின் அளவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவையும் வேண்டியதுதான். டேக் முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் அந்த வேலை பெரும்பாலும் முடிந்தது. போட்டோவில் சிக்காதது ஒன்று உண்டு: அசைவு.

மேஜைக்கு இருபுறமும் இருவர். "நான் நாளைக்குக் கிளம்புறேன்" என்கிறாள் ஒருத்தி. காட்சி முழுவதையும் சேர்த்து எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில், "நாளைக்கு" என்னும்போதே கிளாஸைத் தூக்குகிறாள். அப்புறம் லைட்டை மாற்றி குளோஸ்-அப் எடுக்கும்போது, வசனம் முடிந்த பிறகுதான் தூக்குகிறாள். தண்ணீர் அளவு அச்சு அசலாக அதேதான். ஆனால் எடிட்டிங்கில் இரண்டும் ஒட்டாது. அங்கே கிளாஸ் உதட்டருகே இருக்கும், இங்கே கை மேஜைமேல் கிடக்கும். அதனால்தான் சொல்கிறேன், கன்டினியுட்டி பார்க்கும் உதவி இயக்குநர் வசனத்தாளில் அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, "வலது கை, கிளாஸ்" என்று எழுதிவிட வேண்டும்.

சொல் பொருந்திவிட்டால், கை பாதி உயரத்தில் இருக்கும்போதே எடிட்டர் வெட்டலாம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. அசைவு தொடங்கிச் சில ஃபிரேம்கள் போனதும் வெட்டினால், பார்ப்பவரின் கண் கையின் பின்னால் போய்க்கொண்டிருக்கும், ஷாட் மாறியதே தெரியாது. இதற்காக அசைவை இரண்டு ஷாட்டிலும் முதலிலிருந்து கடைசிவரை எடுத்திருக்க வேண்டும். தயவுசெய்து அவசரப்பட்டு 'கட்' சொல்லாதீர்கள்.

180 டிகிரி விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். இருவருக்கும் நடுவே ஓடும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டினால், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரே திசையைப் பார்ப்பதுபோல ஆகிவிடும்.

சரி, எல்லாம் கவனித்தும் பிசகினால்? அவள் கண் உண்மையாகக் கலங்கிய டேக்கில்தான் கை தப்பான நேரத்தில் எழுந்திருக்கும். நான் அந்தக் கண்ணீர் டேக்கைத்தான் எடுப்பேன். வால்டர் மர்ச் என்ற புகழ்பெற்ற எடிட்டர், ஒரு வெட்டு எதற்காக அமைய வேண்டும் என்று கணக்குப் போட்டபோது உணர்ச்சிக்கு 51 சதவீதம் கொடுத்தார், முப்பரிமாண இடத்தொடர்ச்சிக்கு 4 சதவீதம்தான். கிளாஸ் தூக்கும் இடத்தில் எதிரே இருப்பவனின் முகத்துக்குப் போய்விடுங்கள். அவள் குரல் அவன் முகத்தின்மேல் ஓடட்டும். திரும்பி அவளிடம் வரும்போது கிளாஸ் மேஜைமேல் இருக்கும், கண் கலங்கியிருக்கும்.