சிவப்பு மையும் பிள்ளை மனசும்

(மதுரையில், புதிதாகப் பணியில் சேர்ந்த பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான ஆசிரியர்களே, வணக்கம். ஒருவரின் குறையை நோகாமலும் அவருக்குப் பயன்படும்படியும் சொல்வது எப்படி என்று இன்று பேசுவோம்.

மதுரையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பட்டிமன்றம், இலக்கிய மன்றம், பள்ளிப் பேச்சுப் போட்டி என்று எங்காவது ஒரு மேடை போட்டுக்கொண்டே இருப்பார்கள். பேச்சுப் போட்டிகளுக்கு நானும் நடுவராகப் போயிருக்கிறேன். முடிவு அறிவிக்கும்போது வழக்கமாகக் காதில் விழுவது இதுதான்: "எல்லாருமே அருமையாகப் பேசினீர்கள். முதல் பரிசு இன்னாருக்கு." கைதட்டல், புகைப்படம், கலைந்துவிடுவார்கள். பரிசு கிடைக்காத பிள்ளைகள், ஏன் கிடைக்கவில்லை என்று தெரியாமலே பஸ் ஏறிப் போகிறார்கள். அதில் ஒரு பெண் பிள்ளை வாரக்கணக்கில் மனப்பாடம் செய்திருக்கும். மூச்சு விடாமல் பேசியதால் கடைசி வரிசைக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அடுத்த போட்டியில் திருத்தியிருக்கும். சொன்னால் மனசு நோகும் என்று விட்டுவிட்டார்கள். "எனக்குப் பேச வராது போல" என்று அந்தப் பிள்ளை தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டது. இதைவிடவா நோகடிக்க முடியும்?

இதற்கு நேர் எதிரான ஆட்களும் நம்மிடையே உண்டு. "மனசுல பட்டதைச் சொல்லிப்புடுவேன். எனக்கு வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு" என்பார்கள். நம் ஊரில் அதற்கு மரியாதையும் இருக்கிறது. ஆனால் மனசில் பட்டதெல்லாம் உண்மையாக இருந்துவிடாது. முதல் பாட வேளையில் எரிச்சலோடு பட்டது ஒன்று, சாப்பிட்டு வந்தபின் நிதானமாகப் பார்க்கும்போது படுவது வேறு. ஓய்வறையில் சக ஆசிரியரைப் பார்த்து, "என்ன சார், உங்க கிளாஸ் எப்பவும் சந்தைக்கடை மாதிரியே இருக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்வதை நேர்மை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைக் கேட்டவர் நாளைக் காலையில் என்ன செய்வார்? அந்தச் சொல்லில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அவமானம் மட்டும்தான் இருக்கிறது. "கடைசி பெஞ்சு நாலு பசங்களும் சேர்ந்து உட்கார்றாங்க சார். பிரிச்சு உட்கார வச்சுப் பாருங்களேன்" என்று வராந்தாவில் தனியாகச் சொல்லியிருந்தால் மறுநாளே செய்து பார்த்திருப்பார்.

ஒரு கட்டுரை நோட்டைப் பார்ப்போம். ஆறாம் வகுப்புப் பையன். தலைப்பு, சித்திரைத் திருவிழா. இப்படி எழுதியிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "கள்ளளகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கினார். கூட்டம் அதிகமாக இருந்தது. மிகவும் மகிள்ச்சியாக இருந்தது. நான் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குக் குதிரையின் காது மட்டும் தெரிந்தது."

நாம் என்ன செய்கிறோம்? சிவப்புப் பேனாவை எடுத்து, அழகரையும் மகிழ்ச்சியையும் வட்டம் போட்டுவிட்டு, "பிழைகள் அதிகம். கவனம் தேவை. 4/10" என்று எழுதி அடுத்த நோட்டை இழுக்கிறோம். பக்கத்திலேயே கிடக்கும் குதிரையின் காது நம் கண்ணில் படவில்லை. ஆயிரம் பேர் எழுதும் கட்டுரையில் அந்தப் பையன் ஒருவனே எழுதக்கூடிய வரி அது. அதை எழுதியவனிடம் போய்க் "கவனம் தேவை" என்கிறோம்!

பிழையையும் கொஞ்சம் நின்று பாருங்கள். நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கிறது. மளை பெய்யுது, பளம் வாங்கு என்றுதான் அவன் வீட்டில் கேட்டு வளர்ந்தான். காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான். இது கவனக் குறைவு ஆகாது. ஆக, அந்தப் பையனைப் பற்றி நாம் எழுதிய குறிப்பு கடுமையானது மட்டுமல்ல, பொய்யும்கூட. நோகாமல் சொல்வது எப்படி என்று கேட்பதற்கு முன்னால், சரியாகப் பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாதி வலி அங்கேயே குறைந்துவிடும்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "தம்பி, குதிரையின் காது மட்டும் தெரிந்தது என்று படித்ததும் நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். 'கூட்டம் அதிகம்' என்ற வரியையும் அதேபோல் நீ பார்த்தது, கேட்டது கொண்டு மாற்றி எழுது. இந்த வாரம் ழ மட்டும் பழகுவோம். அழகர், மகிழ்ச்சி, மழை, பழம்: நாளைக்கு என்னிடம் வாசித்துக் காட்டு." இதில் பிழையை மறைக்கவில்லை. மதிப்பெண் போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு.

1988-ல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேல் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள்தான் ஆர்வத்தோடு மேலே போனார்கள். இரண்டையும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் கிடைக்க வேண்டிய பலன் கிடைக்கவில்லை. நம் வகுப்பிலேயே பார்க்கலாம். நோட்டைக் கொடுத்ததும் பிள்ளை எண்ணைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையின் எண்ணைப் பார்க்கும், நோட்டை மூடிவிடும். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடாமல் இருக்க நமக்கு உரிமையில்லை, தெரியும். வாரம் ஒரு கட்டுரைக்காவது எண் இல்லாமல் குறிப்பு மட்டும் எழுதலாம்.

1996-ல் குளூகர், டெனிசி என்ற இருவர் இத்தகைய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். கருத்துச் சொல்வதால் சராசரியாக நன்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில், சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கேட்பவரின் கவனம் செய்த வேலையிலிருந்து விலகி, "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். "நீ சோம்பேறி" என்பதும் அந்தப் பக்கம்தான் திருப்புகிறது. "நீ கெட்டிக்காரன்" என்பதும் அப்படித்தான். பாராட்டு என்றாலே நல்லது என்று நினைக்காதீர்கள். குறை சொல்வதற்காகவே முன்னால் வைக்கும் பாராட்டைப் பிள்ளைகள் இரண்டே தடவையில் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாம் தடவை, "நல்லா எழுதியிருக்கே" என்றதும் முகம் சுருங்கும்.

எப்போது சொல்வது என்பதற்குச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுக் கட்டும் வீடுகளைப் பார்த்தாலே போதும். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த தொழில், 2005-ல் புவிசார் குறியீடு பெற்றது. துணியை விரல் நுனியால் கிள்ளியெடுத்து, நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். சாயத்தில் முக்கிக் காயவைத்து அவிழ்த்தால், கட்டிய இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். முடிச்சு தளர்ந்திருந்தால் சாயம் உள்ளே புகுந்து புள்ளி கலங்கிப்போகும். கற்றுக்கொள்ளும் பெண்ணிடம், "இந்த வரிசை தளர்வா இருக்கும்மா, இன்னும் ரெண்டு சுத்து சுத்து" என்று சாயத்துக்கு முன்னால் சொன்னால் அது பாடம். சாயம் ஏறிய பிறகு அதையே சொன்னால் அவள் காதில் திட்டாகத்தான் விழும். அரையாண்டுத் தேர்வுத் தாளைக் கையில் கொடுத்துவிட்டு "அப்பவே படிச்சிருக்கணும்" என்பதில் யாருக்கு என்ன லாபம்?

சரி, நமக்கு மேலே இருப்பவரிடம் குறை சொல்ல வேண்டியிருந்தால்? இதே பாண்டிய நாட்டில் பிசிராந்தையார் செய்து காட்டினார். வரி மிகுந்து குடிகள் வாடும்போது, பாண்டியன் அறிவுடை நம்பியிடம் அவர் பாடியது புறநானூற்றின் 184-ஆம் பாட்டு. "காய்நெல் அறுத்துக் கவளங் கொளினே, மாநிறைவு இல்லதும் பன்னாட்கு ஆகும்" என்று தொடங்குகிறார். 'மா' என்பது பழைய நில அளவை. ஒரு மா அளவுக்கும் குறைந்த நிலமானாலும், நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். நூறு வயல் இருந்தாலும், யானை தானே இறங்கித் தின்றால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே அதிகம். பாட்டில் "நீ" என்ற சொல்லே கிடையாது. அறிவுடைய வேந்தன் முறையறிந்து வரி கொண்டால் நாடு செழிக்கும் என்று மன்னனை முதலில் நல்ல வழியில் நிறுத்துகிறார். அதற்காக உண்மையைக் குறைத்துவிடவில்லை. தவறினால், "தானும் உண்ணான், உலகமும் கெடுமே" என்று முடிக்கிறார். அதைவிடக் கடுமையாக ஒரு மன்னனிடம் என்ன சொல்லிவிட முடியும்? பணிவும் துணிவும் ஒரே பாட்டில் இருக்கின்றன. தலைமையாசிரியர் அறைக்குள் போகும் முன் இந்தப் பாட்டை ஒரு தடவை வாசித்துவிட்டுப் போகலாம்.

இதெல்லாம் பழகினால்தான் வரும். நமக்கும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? வெள்ளிக்கிழமை கடைசிப் பாட வேளையில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்து, "இந்த வாரம் எந்த இடம் புரியவில்லை?" என்று பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தை வைத்து யார் என்று தேடாதீர்கள். திங்கட்கிழமை அதில் ஒன்றையாவது மாற்றிக்கொண்டு வகுப்புக்குள் போங்கள். எதை மாற்றினீர்கள் என்று பிள்ளைகளிடமே சொல்லுங்கள்.

இப்போது ஆளுக்கொரு கட்டுரைத் தாள் வருகிறது. எண் போட வேண்டாம். அந்தப் பிள்ளை நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு வேலையை மூன்று வரிக்குள் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக் கொடுத்து, அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்து வாசிக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவோம்.