கேமரா நிற்கட்டும், கை அசையட்டும்

(காரைக்குடியில் புகைப்படக் கலைஞர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், முகூர்த்த நாள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையைக் கூட வீட்டுக்குக் கொடுக்காமல் இங்கே வந்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், கேமராவைத் தொழிலாக எடுத்திருக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

நம்மில் பலர் படம் ஏற்றி விற்கிற இணையச் சந்தை ஒன்று, இனி வீடியோ கிளிப்பும் வாங்குவோம் என்று அறிவித்துவிட்டது. அன்றிலிருந்து டீக்கடையிலும் கல்யாண மண்டப வாசலிலும் நமக்குள் இதே பேச்சுதான். "ஸ்டில்லுக்கு இனி யார் காசு கொடுப்பான்?" என்று ஒரு சாரார். "ஸ்டில்லை விட்டுத்தள்ளுங்கண்ணே, கிம்பல் என்ன விலை?" என்று, நடந்துகொண்டே எடுத்தாலும் கேமரா ஆடாமல் பிடிக்கிற அந்தக் கருவியை விசாரிக்கிற இன்னொரு சாரார். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையைப் பற்றி நீங்கள் படுகிற பயம் நியாயமானது. கைத்தொழிலைப் பற்றிய பயம் தேவையில்லை. ஸ்டில் எடுத்துப் பழகியவனிடம் இந்த வேலைக்கு வேண்டிய முக்கியமான குணம் ஏற்கெனவே இருக்கிறது.

இந்தப் பேச்சு உலகத்துக்குப் புதிதல்ல. 2000இல் கனடாவின் கால்கரி நகரத்தில் புரூஸ் லிவிங்ஸ்டன் தொடங்கிய ஐஸ்டாக்ஃபோட்டோ, படங்களை இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் இடமாகத்தான் ஆரம்பித்தது. பிறகு சில்லறைக் காசுக்கு விற்கும் கடையானது. 2006இல் பெரிய படவிற்பனை நிறுவனமான கெட்டி இமேஜஸ் அதை 5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே 2006இல் ஐஸ்டாக்கும், அதைப் போன்ற இன்னொரு தளமான ஷட்டர்ஸ்டாக்கும் வீடியோ விற்க வந்தன. அப்போது நாம் தொழிலுக்கு வைத்திருந்த ஸ்டில் கேமராவில் வீடியோவே கிடையாது. தனிக் கேமரா, தனி டேப், எடிட் செய்யத் தனிக் கம்ப்யூட்டர் வேண்டும். அதனால் அன்றைய படக்காரர்கள், இது வேறு ஆட்களின் வேலை என்று ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. 2008இல் நிக்கான் டி90 வந்தது. அடுத்த மாதமே கேனன் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. ஸ்டில் எடுக்கிற அதே பெட்டி வீடியோவும் எடுத்தது. ஒதுங்குவதற்குச் சொல்லிவந்த காரணம் அன்றோடு போயிற்று.

நம் ஊருக்கு இதைவிடப் பழைய சொந்தமும் இருக்கிறது. ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கிய மெய்யப்பன் காரைக்குடிக்காரர். கோடம்பாக்கத்துக்குப் போவதற்கு முன்னால், 1940களில், பக்கத்திலுள்ள தேவகோட்டை ரஸ்தாவில்தான் அவருடைய ஸ்டுடியோ நடந்தது. அசையும் படம் இந்த மண்ணுக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, விலைக்கு வருகிறேன். இதில் நான் பொறுமையாகப் பேசப்போவதில்லை. ஒரு கிளிப்பின் விலை ஒரு படத்தின் விலையைவிடப் பல மடங்கு என்று சொல்லித்தான் நம்மை அழைக்கிறார்கள். இன்றைக்கு அது உண்மைதான். ஆனால் ஸ்டில்லுக்கும் ஒரு காலத்தில் நல்ல விலை இருந்தது. 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக், விற்ற காசில் படக்காரருக்குத் தருகிற பங்கின் கணக்கை மாற்றியது. படிப்படியாக 15 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் வரை என்றார்கள். ஆனால் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எல்லோரும் முதல் படிக்கே இறங்கிவிட வேண்டும். பத்து வருடம் உழைத்தவனும் நேற்று சேர்ந்தவனும் அன்றைக்கு ஒரே படியில் நிற்கிறார்கள். ஒரு படத்தை ஒருவர் டவுன்லோடு செய்தால் குறைந்தபட்சக் கூலி 10 சென்ட். உலகம் முழுக்கப் படக்காரர்கள் கொதித்தார்கள், பலர் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். தளம் அசையவில்லை. வீடியோவுக்கும் அதே ஏணிதான். அடோபி கம்பெனியின் படச் சந்தையான அடோபி ஸ்டாக்கில் படத்துக்கு 33, வீடியோவுக்கு 35 சதவீதம் என்று நிலையான பங்கு இருக்கிறது. ஏற்றுவதற்கு முன்னால் இந்த எண்களைப் படியுங்கள். எத்தனை கிளிப் ஏற்றினேன் என்று எண்ணுகிற நேரத்தில், ஒரு கிளிப்புக்கு என் கைக்கு என்ன வருகிறது என்று கணக்குப் போடுங்கள். 2023 மார்ச்சில் அடோபி தன் ஃபயர்ஃப்ளை என்ற, படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை வெளியிட்டபோது, அதைப் பழக்குவதற்கு அடோபி ஸ்டாக்கில் இருந்த படங்களும் பயன்பட்டிருந்தன. நாம் ஏற்றுவது விற்பனைக்கு மட்டுமே போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்க முடியாது. ஒப்பந்தத்தை வாசியுங்கள், வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லுங்கள்.

இனி நான் சொல்ல வந்த இடம்.

ஆத்தங்குடிக்குப் போங்கள். டைல்ஸ் பட்டறையில் முதலில் ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்து வைப்பார்கள். அதன் மேல் சதுரமான உலோகச் சட்டம். சட்டத்துக்குள்ளே பூவும் கொடியுமாக வளைந்த அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கரண்டியால் கலர்க் குழம்பை ஊற்றுவார்கள். மஞ்சள் ஓர் அறைக்கு, சிவப்பு ஓர் அறைக்கு, பச்சை இன்னோர் அறைக்கு. எல்லாம் ஊற்றி முடித்ததும் அந்த அச்சை நேராக மேலே தூக்குவார்கள். தடுப்பு போய்விட்டது, கலர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனால் மஞ்சள் சிவப்போடு கலக்காது! கோடு கோடாகவே நிற்கும். பிறகு மேலே உலர்ந்த கலவையைத் தூவி, சிமென்டும் இந்த ஊர் மணலும் போட்டு மட்டம் தட்டி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மறுபடி வெயிலில் வைப்பார்கள். கடைசியில் கண்ணாடி விலகும்போது அந்த வழவழப்பு டைல்ஸில் இருக்கும்.

இதை நாம் எத்தனையோ தடவை ஸ்டில் எடுத்து விற்றிருக்கிறோம். கரண்டி அந்தரத்தில் நிற்கும், கலர் ஒரு நூலாகத் தொங்கும், அழகாக இருக்கும். ஆனால் அச்சைத் தூக்கிய பிறகும் கலர் கலக்காமல் நிற்கிறதே, அதுதான் அந்தத் தொழிலாளியின் கைப்பக்குவம். குழம்பு கொஞ்சம் நீர்த்திருந்தாலும் ஓடிவிடும், கை கொஞ்சம் கோணினாலும் கோடு அழிந்துவிடும். அந்தப் பக்குவத்தை ஸ்டில் காட்டியதே இல்லை. பத்து விநாடி கிளிப் காட்டும். வீடியோ எதற்கு என்று கேட்கிற அண்ணன்களுக்கு என் பதில் இதுதான்.

அதை எப்படி எடுப்பது? இங்கேதான் ஸ்டில்காரன் ஜெயிக்கிறான். வீடியோ என்றதும் நம் பிள்ளைகள் முதலில் கேமராவை நகர்த்துகிறார்கள். சுற்றிவருகிறார்கள், மேலே ஏற்றுகிறார்கள், உள்ளே நுழைகிறார்கள். அந்தக் கை செய்கிற வேலை கண்ணில் படுவதே இல்லை. ட்ரைபாடைப் போட்டு, பிரேமைக் கட்டி, கேமராவை அசையாமல் நிறுத்துங்கள். ஒரு பிரேமுக்காகப் பொறுமையாகக் காத்திருப்பது நமக்கு வருடக்கணக்காகப் பழகியது. வேலை தொடங்குவதற்கு முன்னால் சில விநாடி, முடிந்த பிறகு சில விநாடி ஓடவிடுங்கள். வாங்குகிறவன் வெட்டிக்கொள்ள இடம் வேண்டும். பெரிய தளங்கள் கேட்பது 5 விநாடியிலிருந்து 60 விநாடிக்குள்தான்.

நாம் மறக்கவேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. ஸ்டில்லில் அசைவை உறையவைக்க ஷட்டர் வேகத்தை 1/500, 1/1000 விநாடிக்கு ஏற்றிப் பழகிவிட்டோம். கண்டாங்கிச் சேலை நெய்கிற தறியில் நாடா பறக்கும்போது அதே கணக்கில் வீடியோ எடுத்தால், நாடா துள்ளித் துள்ளி வெட்டினமாதிரி தெரியும். விநாடிக்கு 25 பிரேம் என்றால் ஷட்டர் 1/50 வையுங்கள். அந்த மங்கல்தான் பார்ப்பவர் கண்ணுக்கு ஓட்டமாகத் தெரியும். வெயிலில் 1/50 வைத்தால் வெளுத்துப்போகும், அதற்கு லென்ஸின் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிற என்.டி. ஃபில்டர் வேண்டும். தறிக்கூடத்தில் டியூப்லைட் இருந்தாலும் இந்த 1/50 காப்பாற்றும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும், 1/50க்கும் 1/100க்கும் அந்த மினுக்கல் படத்தில் விழாது. சில எல்.இ.டி. விளக்குகளை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இன்னொன்று. ஸ்டில்லில் சுவரோரத்தில் ஒரு சிமென்ட் கம்பெனிப் பெயர் தெரிந்தால், விளம்பரத்துக்கு ஆகாதென்று ராத்திரி உட்கார்ந்து ஃபோட்டோஷாப்பில் அழித்துவிடுவோம். கிளிப்பில் பத்து விநாடிக்கு 250 பிரேம். சட்டையில் உள்ள முத்திரை, மூட்டையில் உள்ள பெயர், சுவரில் தொங்குகிற காலண்டர், எல்லாவற்றையும் எடுப்பதற்கு முன்னாலேயே பார்த்து விலக்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் வீடியோ ஆக்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதி, இரண்டு பக்கமும் தூண் வரிசை, காலை வெயில் சாய்ந்து தரையில் விழுகிறது. அங்கே எதுவும் அசையவில்லை. அதை ஸ்டில்லாக எடுங்கள், ஒரு மனிதன் அதன் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். அதே வளவில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, நாலு பக்கத்து ஓட்டுக் கூரையிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் இறங்கினால், அப்போது ரெக்கார்டை அழுத்துங்கள். 1980களில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ கேசட் வந்தபோது ஆல்பம் ஒழிந்தது என்றார்கள். இன்றைக்கு அந்தக் கேசட்டுகளைப் போட்டுப் பார்க்க மிஷினே இல்லை. அதற்கும் முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்கள் முகப்புச் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. ஸ்டில்லுக்கு எதிர்காலம் இல்லை என்று சொல்கிறவர்கள் அந்தச் சுவர்களைப் பார்க்கட்டும்.

கடைசியாக, எனக்கு மிகவும் மனத்தைப் பிடித்திழுக்கிற விஷயம். சிராவயலில் மாடு பிடிக்கிற மஞ்சுவிரட்டை எடுக்கிறோம், கூட்டத்தில் நூற்றுக்கணக்கான முகம், எல்லோரிடமும் அனுமதி வாங்க முடியாது. அதைச் செய்தி வகையில்தான் தரமுடியும், விளம்பரத்துக்குத் தரமுடியாது, அது நமக்குத் தெரியும். ஆனால் பட்டறைக்காரரை, தறியில் இருக்கிறவரை, ஓலைக் கொட்டான் முடைகிற ஆச்சியை எடுக்கும்போது என்ன செய்கிறோம்? "அண்ணே, ஒரு கையெழுத்து" என்று ஆங்கிலத்தில் அச்சடித்த மாடல் ரிலீஸை, அதாவது தன் படத்தை விற்கச் சம்மதிக்கிற படிவத்தை, நீட்டுகிறோம். அவர்கள் நம் முகத்தைப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள். வாங்குகிறவன் ஒரு தடவை காசு கொடுத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. எந்த நாட்டில், எந்தப் பொருளின் விளம்பரத்தில் அந்த முகம் வரும் என்பது நமக்கே தெரியாது. ஸ்டில்லில் ஒரு நொடி முகம் போயிற்று. கிளிப்பில் நடையும் சாயலும், அவர் பரம்பரையாகக் காத்துவந்த கைப்பழக்கமும் சேர்ந்து போகிறது.

அதனால் இந்தக் கூட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தளம் கேட்கிற ஆங்கிலப் படிவத்தோடு சேர்த்துக் கொடுக்க, தமிழில் ஒரு விளக்கத் தாளை நாமே தயாரிக்க வேண்டும். படம் எங்கே விற்கப்படும், எதற்கெல்லாம் பயன்படலாம், கையெழுத்துப் போட்ட பிறகு திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம், எடுக்கிற அன்றைக்கு அவருக்கு என்ன கூலி, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் புரிந்துகொள்ளும் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அவர் வீட்டுப் பிள்ளையை வைத்துப் படித்துக்காட்ட வேண்டும். கூலியை எடுத்த அன்றே கையில் கொடுக்க வேண்டும். விற்றால் தருகிறேன் என்ற பேச்சு கூடாது. நம்மில் வக்கீல் நண்பர்கள் உள்ளவர்கள் பெயர் கொடுங்கள். ஆத்தங்குடியிலிருந்து இரண்டு பேரையும், தறிக்காரர்களில் ஒருவரையும் அடுத்த கூட்டத்துக்கு அழைத்து, அவர்கள் முன்னாலேயே அந்தத் தாளை வாசித்துத் திருத்துவோம். எழுதுகிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.