புதுக் காயத்துக்குச் சூடு வேண்டாம்

வணக்கம் நேயர்களே. கொழும்பில் கிரிக்கெட் முடிந்தால் ரக்பி, அப்புறம் வலைப்பந்து என்று பிள்ளைகள் ஆண்டு முழுக்க மைதானத்தில்தான். கால் பிரண்டு நொண்டிக்கொண்டு வரும் பிள்ளைக்குப் பல வீடுகளில் முதலில் கிடைப்பது சூடான நோவெண்ணெயும் அழுத்தமான உருவலும். பாசத்தோடு செய்கிறோம். ஆனால் ஓர் இயன் மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, கேட்கிறேன், அன்றைக்கு அதைச் செய்யாதீர்கள்.

கணுக்கால் மடங்கும்போது மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் நார் இழுபட்டுக் கிழிகிறது. கூடவே சின்னச் சின்ன இரத்தக் குழாய்களும் உடைந்து கசிகின்றன. வீங்குவதும் மறுநாள் நீலம் பாரிப்பதும் அதனால்தான். சூடு பட்டால் குழாய்கள் இன்னும் விரியும். உருவினால் கிழிசல் கூடும். முதல் இரண்டு மூன்று நாளைக்கு இரண்டும் வேண்டாம்.

அந்த நாட்களில் உதவுவது ஐஸ். கட்டிகளை நொறுக்கி, ஈரமான மெல்லிய துவாயில் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் பிடியுங்கள். வெறும் ஐஸைத் தோலில் வைத்தால் தோல் வெந்தது போலாகிவிடும். இடையிடையே துவாயை எடுத்துப் பாருங்கள். தோல் வெளிறினால் நிறுத்திவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பவும் வைக்கலாம். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கு ஐஸும் வேண்டாம், சூடும் வேண்டாம். சுடுவதும் உறைவதும் அவர்களுக்குத் தெரியாது.

ஐஸ் காயத்தை ஆற்றும் என்று நினைக்கிறோம். ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978இல் எழுதிப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் சொன்னார். நரம்பை மரக்கச் செய்து வலியைக் குறைப்பதுதான் அதன் உறுதியான பயன். ஆகவே முதல் ஓரிரு நாளைக்கு, வலிக்கு மட்டும் போதும்.

எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. ஆட்டத்தின் நடுவே குளிர் ஸ்பிரே அடித்து, "சரி, ஓடு" என்று பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்கள். வலி என்பது உடம்பு தரும் எச்சரிக்கை. அதை மரக்கவைத்து ஓடவிட்டால் சின்னக் கிழிசல் பெரிதாகும். பயிற்றுநர்களே, தயவுசெய்து அந்தப் பிள்ளையை அன்றைக்கு உட்கார வையுங்கள்.

சூட்டுக்கும் காலம் வரும். வீக்கம் வற்றி, தொட்டால் கொதிக்காமல், இறுக்கம் மட்டும் மிஞ்சும்போது சுடுதண்ணிப் பையைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். பழைய முதுகுப் பிடிப்புக்கும் அது சுகம். ஒத்தடம் கொடுத்த கையோடு மூட்டை மெதுவாக அசைத்துப் பழக்குங்கள். நார் பலப்படுவது அந்த அசைவால்தான்.

அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பின் மேல் அழுத்தினால் வலித்தால், ஐஸோடு வீட்டில் இருக்காமல் எக்ஸ்ரே எடுக்கப் போங்கள். எலும்பு வளைந்து தெரிந்தால் காலை அசைக்காமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாகவே வரும்.