ஜே. கோல் கேட்ட மன்னிப்பு: எல்லாரும் பாராட்டினாங்க, ஆனா அந்த ஒரு வரி?

[திரையில்: 2013 ஜூலை]

வணக்கம் மக்களே! ஒரு ராப்பர். 28 வயசு. அவரோட ஆல்பம் அந்த மாசம்தான் அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல முதல் இடத்தைப் பிடிச்சிருக்கு. அப்படி உச்சத்துல நிக்கிற நேரத்துல, இன்னொருத்தர் பாட்டுல கெஸ்ட்டா வந்து பாடின ஒரு வரிக்காக, தன்னோட பிளாக்ல உட்கார்ந்து நீளமா ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுறார். "நீங்க பதக்கம் வாங்க வேண்டியவங்க, அவமரியாதை வாங்க வேண்டியவங்க இல்ல"ன்னு முடிக்கிறார்.

அந்தக் கடிதத்தைப் படிச்சு நெகிழ்ந்து போனவங்க ஏராளம். நானும் அதுல ஒருத்தன். ஆனா அதுக்குள்ள ஒரு வரி இருக்கு. அதை வேற ஒருத்தரோட காதால கேட்டா அர்த்தமே மாறிடும். அது என்ன வரின்னு சொல்றேன், ஸ்கிப் பண்ணாம பாருங்க.

முதல்ல பின்கதை, வேகமா. 2013 கோடையில டிரேக்ங்கற பிரபல ராப்பர் 'ஜோடெசி ஃப்ரீஸ்டைல்'னு ஒரு பாட்டு விடுறார். அதுல ஜே. கோல் ஒரு பகுதி பாடுறார். எதிராளிய மட்டம் தட்டுற ஒரு இடத்துல, நான் 'ஆர்ட்டிஸ்டிக்', அதாவது கலைத்திறன் உள்ளவன், நீங்கள்லாம் 'ஆட்டிஸ்டிக்', அதாவது ஆட்டிசம்ங்கற மூளை வளர்ச்சி வித்தியாசம் உள்ளவங்கன்னு ஒரு எதுகை. அதோட நிக்கல. அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருக்கறவங்கள இழிவா திட்டுற இன்னொரு சொல்லையும் ஒட்டிக்கிட்டார். அவ்வளவுதான் பின்கதை.

இப்போ எதிர்ப்பு எங்கேருந்து வந்ததுன்னு பாருங்க. பிரிட்டன்ல இருந்து. அன்னா கென்னடின்னு ஒரு அம்மா. அவங்களோட ரெண்டு பசங்களும் ஆட்டிசம் உள்ளவங்க. பசங்களுக்கு ஏத்த பள்ளிக்கூடம் கிடைக்காம, வீட்டை அடமானம் வச்சு, 1999ல மேற்கு லண்டன் ஹில்லிங்டன்ல தானே ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சவங்க. பள்ளிக்கூடங்கள்ல ஆட்டிசம் உள்ள பிள்ளைங்கள கேலி பண்றதுக்கு எதிரா பல வருஷமா வேலை செய்யறவங்க. அவங்களுக்கு இந்த வரி எப்படிக் கேட்டிருக்கும்? நாளைக்குக் காலைல ஸ்கூல் பஸ்ல ஒரு பையனைப் பார்த்து இன்னொரு பையன் இதையே பாடிக் காட்டுவான்னுதானே தோணியிருக்கும்? டிரேக் பாட்டுன்னா பசங்களுக்கு மனப்பாடம். வெளிப்படையா எதிர்த்தாங்க. பிரிட்டனோட கேலி-கொடுமை எதிர்ப்புக் கூட்டமைப்பும் சேர்ந்து கண்டிச்சது.

ஜூலை 21ஆம் தேதி கோலோட கடிதம் வந்தது.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், பொறுத்துக்கங்க. கடிதத்தோட ஆரம்பத்துலயே கோல் ஒண்ணு சொல்றார்: இப்பல்லாம் ராப்பர்கள் எதையாவது தப்பா பாடுறதும், மீடியா பாய்றதும், நெருக்கடில மன்னிப்பு கேக்கறதும் ஒரு வழக்கமாவே போச்சுன்னு. யாரை மனசுல வச்சு சொன்னார்னு அவர் பேர் சொல்லல. ஆனா அதே 2013ல, அதுக்கு முந்தின மாசங்கள்ல என்ன நடந்ததுன்னு நாம பார்க்கலாம்.

[திரையில்: ரிக் ராஸ், ஏப்ரல் 2013]

ரிக் ராஸ். ஒரு பெண்ணோட ஷாம்பெயின்ல அவளுக்கே தெரியாம போதைப்பொருள் கலந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனதா ஒரு பாட்டுல பெருமையா பாடியிருந்தார். பெண்கள் அமைப்புகள் கொதிச்சுப் போச்சு. முதல்ல ஒரு ரேடியோ பேட்டில, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு சொன்னார். அடுத்து, பலாத்காரம்னு 'அர்த்தம் பண்ணிக்கப்பட்ட' வரிக்கு வருந்துறேன்னு ட்விட்டர்ல ஒரு பதிவு. ஏப்ரல் 11ஆம் தேதி ரீபாக் ஷூ கம்பெனி அவரோட விளம்பர ஒப்பந்தத்தை முறிச்சது. மறுநாளே முழு மன்னிப்பு அறிக்கை வந்துடுச்சு! தேதிகளை அடுத்தடுத்து வச்சுப் பாருங்க மக்களே, நான் தனியா விளக்கவே வேண்டாம்.

[திரையில்: லில் வெய்ன், மே 2013]

அடுத்தது லில் வெய்ன். எம்மெட் டில். 1955ல மிசிசிப்பில வெள்ளையர்கள் அடிச்சுக் கொன்ன 14 வயசுக் கறுப்பினச் சிறுவன். அமெரிக்க சிவில் உரிமைப் போராட்டத்தோட வரலாற்றை அந்தப் பையன் பேரை விட்டுட்டு எழுதவே முடியாது. அவன் முகம் சிதைஞ்ச கொடுமையை ஒரு ஆபாச உவமைக்குப் பயன்படுத்திட்டார் வெய்ன். பாட்டு வெளிய கசிஞ்சது பிப்ரவரில. அவரோட கடிதம் அந்தக் குடும்பத்துக்குப் போனது மே மாசம். அதுலயும் 'உங்க வலியை உணர்றேன்'னு இருந்ததே தவிர, மன்னிச்சுடுங்கன்னு நேரா ஒரு வார்த்தை கிடையாது. இது மன்னிப்பே இல்லைன்னு குடும்பம் சொல்லிடுச்சு. ரெண்டு மூணு நாள்ல பெப்சிகோ அவரை மவுண்டன் டியூ விளம்பரத்துல இருந்து எடுத்தது.

இந்த ரெண்டையும் பார்த்துட்டு கோலோட கடிதத்தை எடுத்துப் படிங்க. பாட்டோட பேரைச் சொல்றார். யாரைக் காயப்படுத்தினோம்னு சொல்றார். ஒரு கமெண்ட்டைப் பார்த்தேன், பார்த்த உடனே நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சிடுச்சு, வெட்கமா இருந்ததுங்கறார். 'உங்களுக்கு அப்படித் தோணியிருந்தா'ங்கற அந்தக் கேடுகெட்ட 'இருந்தா' இந்தக் கடிதத்துல இல்ல! எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், அதனால என் குற்றம் இன்னும் பெருசுன்னு தன் தலை மேலயே பழியை ஏத்திக்கறார். ஸ்பான்சர் கை விட்ட கதையும் இதுல கிடையாது. பிரபலங்கள் மன்னிப்பு கேட்கற விதத்துக்கு ஒரு பாடப்புத்தகம் போட்டா, இந்தக் கடிதத்தோட முதல் பாதியை அப்படியே சேர்க்கலாம். நான் மனசார சொல்றேன்.

முதல் பாதின்னு ஏன் சொன்னேன்? ரெண்டாவது பாதிக்கு வாங்க.

கடைசில யாரைப் பார்த்துப் பேசறார்னு கவனிங்க. கடுமையான ஆட்டிசம் உள்ள பிள்ளைய வளர்க்கற சிரமத்தோட போராடற பெற்றோருக்கு, ஆட்டிசத்தோட ஒரு வகையான அஸ்பெர்கர் உள்ள கல்லூரி மாணவருக்கு, 'ஆட்டிசத்தை ஜெயிச்சுக்கிட்டு இருக்கற எல்லாருக்கும்'. இவங்களுக்குத்தான் அந்தப் பதக்கம்.

நான் சொன்ன வரி இதுதான். ஆட்டிசத்தை ஜெயிக்கறது.

ஒரு அம்மாவோ அப்பாவோ இதைக் கேட்டா ஆறுதலா இருக்கும். அதை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். ராத்திரி தூக்கமில்லாம, சொந்தக்காரங்க பேச்சு கேட்டு, ஸ்கூல் ஸ்கூலா அலைஞ்ச அவங்களைப் பார்த்து ஒரு சூப்பர் ஸ்டார் தலை வணங்கறது பெரிய விஷயம். ஆனா ஆட்டிசம் உள்ள ஒரு 20 வயசுப் பையனோட காதுல இதைப் போட்டுப் பாருங்க. "நான் எதை ஜெயிக்கணும்? என் மூளை வேலை செய்யற விதத்தையா? அப்போ நான் யாரு?"

இது ஏதோ நான் புதுசா கிளப்பற கேள்வி இல்ல. 1993ல டொராண்டோல நடந்த சர்வதேச ஆட்டிசம் மாநாட்டுல ஜிம் சின்க்ளேர் எழுந்து பேசினார். அவரே ஆட்டிசம் உள்ளவர். எதிர்ல இருந்தது பெற்றோர் கூட்டம். ஆட்டிசம்ங்கறது ஒரு ஓடு, அதுக்குள்ள 'சாதாரணக் குழந்தை' ஒண்ணு மாட்டிக்கிட்டு இருக்குன்னு நினைக்காதீங்க, எங்களுக்காகத் துக்கம் அனுசரிக்காதீங்கன்னு நேருக்கு நேரா சொன்னார். கோலோட கடிதத்துக்குச் சரியா 20 வருஷம் முன்னாடி! அந்தக் குரல் கோலோட காதுக்குப் போய்ச் சேர்ந்த மாதிரி கடிதத்துல தெரியல. அவருக்குக் கேட்டது பெற்றோரோட குரல்தான்னு எனக்குத் தோணுது. அவர் பதில் சொன்னதும் முதல்ல அவங்களுக்குத்தான்.

டிரேக்கும் அதைத் தொடர்ந்து ஒரு அறிக்கை விட்டார். பாட்டுல இருந்து அந்த வரியை எடுக்கறோம்னு சொன்னார். நல்ல செயல், முழு மதிப்பெண். கூடவே, ஆட்டிசம் உள்ளவங்களுக்கு அபாரமான, படைப்புத்திறன் நிறைஞ்ச மனசு இருக்கு, அந்தத் திறமைகளை இழிவுபடுத்தக் கூடாதுன்னும் சொன்னார்.

இதுலயும் எனக்கு ஒரு உறுத்தல். திறமை இல்லாத ஆட்டிசம் பையனைத் திட்டலாமா? பியானோ வாசிக்காத, கணக்குல புலி இல்லாத, வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாத ஒரு பிள்ளை. அவனுக்கும் அதே மரியாதை வேணும்தானே? மேதைங்கறதுக்காகக் கொடுக்கற மரியாதை, மேதை இல்லைன்னு தெரிஞ்ச அன்னிக்குக் காணாமப் போயிடும். டிரேக் கெட்ட எண்ணத்துல சொல்லல, பாராட்டத்தான் நினைச்சார். ஆனா பரிட்சை வச்சுக் கொடுக்கற பாராட்டு அது.

உங்களுக்கு இதுல மாற்றுக் கருத்து இருக்கலாம். குறிப்பா பெற்றோரா இருந்தா, 'உனக்கென்ன தெரியும் எங்க கஷ்டம்'னு தோணலாம். தாராளமா கீழ எழுதுங்க, படிக்கறேன்.

சின்னதா இன்னொரு விஷயம். 2022 ஜூன்ல அமெரிக்கப் பாடகி லிஸ்ஸோவுக்கும் இதே மாதிரி ஆச்சு. பெருமூளை வாதம், அதாவது செரிபிரல் பால்சி உள்ளவங்களைக் குத்தற ஒரு சொல் பாட்டுல வந்துடுச்சு. ஆஸ்திரேலியாவுல இருந்து ஹன்னா டிவினி, தனக்கே பெருமூளை வாதம் உள்ள ஒரு எழுத்தாளர், ட்விட்டர்ல அதைச் சுட்டிக் காட்டினாங்க. பாட்டு வந்த மூணே நாள்ல வரியை மாத்தி புதுசா வெளியிட்டுட்டாங்க லிஸ்ஸோ. வித்தியாசம் தெரியுதா? இங்க தப்பைச் சொன்னதே பாதிக்கப்பட்டவங்கதான், பதிலும் அவங்களுக்கே போச்சு. ரெண்டே மாசத்துல பாடகி பியான்சே ஆல்பத்துலயும் அதே சொல் வந்து, அதையும் மாத்த வேண்டியதாச்சு.

சரி, கோலுக்கு வருவோம். ஏன்னா இந்த மனுஷனோட கதைல இன்னொரு மன்னிப்பு இருக்கு! 2024 ஏப்ரல் 5. இன்னொரு பெரிய ராப்பர் கென்ட்ரிக் லமாரைத் தாக்கி ஒரு பாட்டு விடுறார். ஏப்ரல் 7, தன் சொந்த மாநிலம் வட கரோலினால, ராலே நகரத்துல, தன்னோட விழா மேடையிலயே ஏறி, நான் செஞ்சதுலயே கேவலமான வேலை அதுதான்னு சொல்றார். சில நாள்ல பாட்டையே ஸ்ட்ரீமிங்ல இருந்து தூக்கிட்டார். இணையம் என்ன பண்ணிச்சு? கிண்டல், மீம்ஸ், கோழைங்கற பட்டம். அடுத்த மாசமே டிரேக்–கென்ட்ரிக் சண்டை குடும்பம், குழந்தைன்னு அசிங்கமான இடத்துக்குப் போனதும், அதே ஜனம் 'கோல்தான்யா புத்திசாலி'ன்னு மாத்திப் பேச ஆரம்பிச்சது.

ரெண்டு மன்னிப்புலயும் கோல் ஒரே மாதிரிதான் நடந்துக்கிட்டார். தப்புன்னு தெரிஞ்சதும் சாக்கு சொல்லல. அந்தக் குணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அதனாலதான் 2013 கடிதத்துல 'ஜெயிக்கறது'ங்கற அந்த ஒரு வரியையும் யாராவது அவர்கிட்ட கொண்டு போய்ச் சேர்த்திருந்தா திருத்தியிருப்பார்னு நான் நம்பறேன்.

இப்போ ஒரு வேண்டுகோள். பெற்றோர், டீச்சர், டாக்டர் எல்லாரும் எழுதுங்க, வரவேற்கறேன். ஆனா இந்த வீடியோவைப் பார்க்கற ஆட்டிசம் உள்ளவங்க யாராவது இருந்தா, அந்தக் கடிதம் உங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு சொல்லுங்க. மேல பின் பண்ணப் போறது உங்க கமெண்ட்டைத்தான். நான் சொன்னது தப்புன்னு நீங்க எழுதினாலும் அதைத்தான் பின் பண்ணுவேன். டைப் பண்றது சிரமமா இருந்தா வாய்ஸ் ரெக்கார்டு பண்ணி மெயில் பண்ணுங்க, முகவரி டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு.