ஸ்ப்ளெண்டர்ல இல்லாத பார்ட்டுக்குக் காசு கொடுத்தேன் | என் பைக் செலவு எப்படிக் குறைஞ்சது?

வணக்கம் மக்களே. சத்தம் சரியா கேக்குதா? பக்கத்து வீட்டுல போர் மோட்டார் ஓடிட்டிருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஏழரை மணி, வெயில் வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்னு உக்காந்துட்டேன்.

இதான் நம்ம வண்டி. 2017 ஸ்ப்ளெண்டர் பிளஸ், கார்புரேட்டர் மாடல். ஒரு லட்சம் கிலோமீட்டர் எப்பவோ தாண்டிருச்சு. நான் மருந்துக் கம்பெனியில ரெப்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். காலையில அம்பத்தூர்ல கிளம்பினா ஆவடி, திருவள்ளூர், திரும்ப அண்ணா நகர்னு சுத்திட்டு ராத்திரிதான் வீடு. மாசத்துக்கு 1,600 கிலோமீட்டர் சர்வ சாதாரணமா ஓடும். பெட்ரோல் காசு கம்பெனி கொடுக்குது. சர்வீஸ் காசு என் பாக்கெட்டு.

பைக் செலவைக் குறைக்கறது எப்படின்னு கமெண்ட்ல நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கு முன்னாடி ஒரு பில் காட்டறேன். மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு பட்டறையில போட்டது, பேரை மட்டும் கையால மறைச்சுக்கறேன். நடுவுல ஒரு வரி பாருங்க. ஆயில் ஃபில்டர், 140 ரூபாய். தெரியுதா?

என்ன விசேஷம்னா, இந்த வண்டியில மாத்தற மாதிரி ஆயில் ஃபில்டரே கிடையாது! பல்சர்ல, எஃப்இசட்ல எல்லாம் இருக்குமே பேப்பர் ஃபில்டர், அது இந்த 100 சிசி இன்ஜின்ல இல்ல. உள்ள ஒரு வலை இருக்கும், அப்புறம் சுத்தற வேகத்துல அழுக்கைப் பிரிக்கற ஒரு ரோட்டார் இருக்கும். ரெண்டுமே கழுவி மாட்டறதுதான். இல்லாத சாமானுக்கு 140 ரூபாய் வாங்கியிருக்காங்க, நானும் "தேங்க்ஸ் அண்ணே"ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எத்தனை தடவை கொடுத்தேனோ, பழைய பில்லை எல்லாம் யார் வெச்சிருந்தா?

அந்த வாரம்தான் இந்த நோட்டு வாங்கினேன். பாப்பாவோட ரெட்டை ரூல் நோட்டு. தேதி, கிலோமீட்டர், என்ன மாத்தினேன், என்ன விலை, அவ்வளவுதான் எழுதறது. அப்படியே வண்டியோட வந்த மேனுவலையும் தேடி எடுத்தேன். அதை யாருமே பிரிச்சிருக்க மாட்டோம், ஆர்சி புக்கோட சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு பீரோவுல கிடக்கும். எந்த ஆயில், எத்தனை மில்லி, எத்தனை கிலோமீட்டர்ல எதை மாத்தணும், எல்லாமே அதுல இருக்கு. மெக்கானிக் "இதை மாத்தியே ஆகணும்"னு சொல்றப்போ நமக்குப் பதில் சொல்ல ஒரு ஆதாரம் வேணும்ல, அது அந்தப் புக்குதான்.

ஆயிலை முதல்ல பாத்துருவோம். கனம் 10டபிள்யூ-30, அளவு 900 மில்லி. டப்பாவுல "ஜேஏஎஸ்ஓ எம்ஏ"ன்னு பைக் ஆயிலுக்கான தரக் குறி போட்டிருக்கான்னு பாருங்க. நம்ம பைக்ல கிளட்ச் தட்டு ஆயில்லயே முங்கிக் கிடக்கும். மாமா வண்டிக்கு வாங்கினது அரை லிட்டர் மிச்சம் இருக்குன்னு கார் ஆயிலை ஊத்தினீங்கன்னா, சில ஆயில்ல உராய்வைக் குறைக்கற மருந்து கலந்திருக்கும், கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சிரும். மிச்சம் பண்ணது 200 ரூபாய், கிளட்ச் பிளேட்டு மாத்தற செலவு அதைவிடப் பல மடங்கு. ஸ்கூட்டருக்கு "எம்பி"ன்னு போட்ட ஆயில் வரும். அதுல கிளட்ச் ஆயில்ல நனையாது, அதனால அது வேற கணக்கு. ரெண்டையும் மாத்தி ஊத்தாதீங்க.

இன்னொண்ணு, ஆயிலை நீங்களே கடையில வாங்கி, சீல் பாத்து, உங்க கண்ணு முன்னாடி உடைச்சு ஊத்தச் சொல்லுங்க. ஊத்தி முடிச்சதும் காலி டப்பாவை அங்கயே போட்டுட்டு வராதீங்க. ஸ்க்ரூ டிரைவரால ரெண்டு ஓட்டை போட்ருங்க. போலி ஆயில் அடைச்சு விக்கறவங்களுக்கு வேண்டியதே நல்ல நிலைமையில இருக்கற காலி டப்பாதான்.

நானே ஆயில் மாத்தறேன்னு இறங்கினப்போ ஒரு கூத்து பண்ணேன், அதையும் சொல்லிடறேன். கீழ டிரெயின் போல்ட்டு, 17 ஸ்பேனர். ஒழுகிடுமோன்னு பயம், ஸ்பேனர்ல பைப்பை மாட்டி ஒரு இழு இழுத்தேன். "கடக்"னு ஒரு சத்தம், அப்புறம் போல்ட்டு லூசா சுத்துது. அலுமினியத்துல இருக்கற மரை போச்சு. வண்டியைத் தள்ளிக்கிட்டே அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போய், புது மரை போட்டு, 600 ரூபாய் கொடுத்துட்டு வந்தேன். லேபர் மிச்சம் பண்ணப் போய்! இப்போ கையால கடைசி வரைக்கும் சுத்திட்டு, ஸ்பேனரை நடுவுல பிடிச்சு ஒரு சின்ன அழுத்து, அத்தோட சரி. ஒழுக்கு நிக்கறது அந்த வாஷராலதான், நம்ம பலத்தால இல்ல. வாஷர் சில ரூபாய்தான், ஒவ்வொரு தடவையும் புதுசு போட்டுக்கறேன். கழிவு ஆயிலைச் சாக்கடையில ஊத்தாதீங்க, கேன்ல பிடிச்சுப் பட்டறையில கொடுத்தா வாங்கிக்குவாங்க.

சரி, இன்னைக்கு முக்கியமா காட்ட வந்தது செயின். ஸ்ப்ளெண்டர்ல செயின் முழுசா கவருக்குள்ள இருக்கும். கண்ணுக்குத் தெரியாததால யாரும் கண்டுக்கறதே இல்ல. இங்க கீழ பாருங்க, ஒரு கறுப்பு ரப்பர் மூடி. இதைப் பிடுங்கிட்டா உள்ள செயின் தெரியும். வண்டி சென்டர் ஸ்டாண்டுல, நியூட்ரல்ல. விரலால மேல தூக்கி, கீழ அமுக்கிப் பாருங்க. மொத்த ஆட்டம் 25 முதல் 30 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரே இடத்துல பாத்துட்டு விட்றாதீங்க, சக்கரத்தைச் சுத்திச் சுத்தி நாலு இடத்துல பாருங்க. ஒரு இடத்துல டைட்டா, இன்னொரு இடத்துல தொங்கலா இருந்தா செயின் சீரில்லாம தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம், அதை எவ்வளவு இழுத்து வெச்சாலும் நிக்காது.

இறுக்கறப்போ ரெண்டு பக்கமும் ஸ்விங் ஆர்ம்ல, அதான் பின் வீலைத் தாங்கற கையில, கோடு போட்டிருக்கும், ரெண்டுலயும் ஒரே கோட்டுல நிக்கணும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தா வீல் கோணலா ஓடும், செயின், ஸ்ப்ராக்கெட்டுங்கற பல்சக்கரம், டயர் மூணும் சேர்ந்து தேயும். இறுக்கி முடிச்சதும் பின் பிரேக் பெடலை மிதிச்சுப் பாருங்க. வீலைப் பின்னால இழுத்திருக்கோம்ல, அதனால பிரேக் ஆட்டமும் மாறியிருக்கும், அதையும் சரி பண்ணிட்டுத்தான் எடுக்கணும்.

எண்ணெய்க்கு 90 நம்பர் கியர் ஆயில் போதும். இந்த ஓட்டை வழியா சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே சக்கரத்தைக் கையால சுத்த வேண்டியதுதான். ஒரு லிட்டர் வாங்கினேன், ஒன்றரை வருசம் ஆச்சு, இன்னும் கால்வாசி இருக்கு. கழிவு ஆயிலை செயினுக்கு ஊத்தற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய. அதுல இரும்புத் துகள், கரி எல்லாம் மிதக்கும், எண்ணெய்னு நினைச்சு அரத்தூளைப் போடறோம். அப்புறம் ஒரு விஷயம், இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுச் சக்கரம் சுத்தறப்போ துணியால செயினைத் துடைக்கற வேலை வேண்டவே வேண்டாம். துணி மாட்டினா விரலும் கூடவே போகும்.

இதுக்கு ஏன் இவ்வளவு நேரம்னு கேக்கறீங்களா? நோட்டைப் பாருங்க. முதல் தடவை செயின் செட் போனப்போ விலை பாத்து, பேர் தெரியாத ஒரு செட் 650 ரூபாய்க்குப் போட்டேன். 7,000 கிலோமீட்டர்தான். ஸ்ப்ராக்கெட் பல்லு சுறா மீன் பல்லு மாதிரி வளைஞ்சு கூரா ஆயிருச்சு. அடுத்தது ஒரிஜினல், 1,150 ரூபாய். 22,000 தாண்டி ஓடுச்சு. கணக்குப் போட்டா, மலிவு செட் கிலோமீட்டருக்கு ஒன்பது பைசாவுக்கு மேல, ஒரிஜினல் அஞ்சு பைசா சொச்சம். மாட்டற கூலி வேற மூணு தடவை கொடுக்கற இடத்துல ஒரு தடவைதான்.

ஆனா ஒரிஜினல்னா கம்பெனி டப்பாதான்னு இல்ல. வண்டிக் கம்பெனி எல்லா சாமானையும் தானே செய்யறதில்ல. நம்ம கோயம்புத்தூர் எல்ஜி பாலகிருஷ்ணன் கம்பெனிக்காரங்கதான் ரோலான் செயின் செய்யறவங்க, தனி டப்பாவுலயும் கடையில கிடைக்கும். டிவிஎஸ் யூரோகிரிப் டயர் மதுரைக் கம்பெனி. பார்ட் நம்பரைக் குறிச்சு வெச்சுக்கிட்டு, கம்பெனி டப்பா விலை, தனி டப்பா விலை ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்து வாங்குங்க.

நான் வாங்கறது பெரும்பாலும் ஜிபி ரோடு, அதாவது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, மவுண்ட் ரோட்டுல இருந்து உள்ள போறது. ஒரு கடையில விலை கேட்டு, வாங்காம நாலு கடை தள்ளிப் போய் மறுபடி கேளுங்க. எம்ஆர்பியில இருந்து கொஞ்சம் குறைப்பாங்க. டப்பாவுல ஹாலோகிராம் லேபிள், பார்ட் நம்பர், அச்சு எல்லாம் தெளிவா இருக்கான்னு பாருங்க. பில் கேளுங்க. இன்னொரு விஷயம், 2025 செப்டம்பர் 22ல இருந்து 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்த வண்டி ஸ்பேர், டயர், பேட்டரி எல்லாம் 18க்கு வந்திருச்சு. 100 ரூபாய் சாமான்ல கிட்டத்தட்ட எட்டு ரூபாய் குறையணும். பழைய ஸ்டாக்கு மேல பழைய எம்ஆர்பி அச்சடிச்சு இருக்கும், அதைக் காட்டி வாங்கப் பாத்தா கேளுங்க, தப்பில்ல.

பழைய சாமான் விக்கற புதுப்பேட்டையா? போகலாம். சைடு பேனல், மட்கார்டு, கிராப் ரெயில் மாதிரி சாமான் அங்க வாங்கினா நல்ல மிச்சம். ஆனா பிரேக் ஷூ, பேரிங், கேபிள்னு தேயற சாமானைப் பழசுல வாங்காதீங்க. எங்கிருந்து வந்ததுன்னு தெரியாத இன்ஜின், சேசிஸ் நம்பர் இருக்கற எதையும் தொடாதீங்க, அப்புறம் ஸ்டேஷன்ல நின்னு பதில் சொல்லணும்.

பிரேக்குலயும் டயர்லயும் நான் கஞ்சத்தனம் பண்றதில்ல. அதுக்காக சொன்னவுடனே மாத்தறதும் இல்ல. இதோ டிரம் பக்கத்துல, பிரேக் லிவர் இருக்கற இடத்துல ஒரு சின்ன அம்புக்குறி தெரியுதா? பிரேக்கை முழுசா பிடிச்சா அது நகரும். பக்கத்துல இருக்கற குறியைத் தொட்டுருச்சுன்னா ஷூ முடிஞ்சுதுன்னு அர்த்தம். போன சர்வீஸ்ல "ஷூ போச்சு சார்"னு சொன்னாங்க, அண்ணே வாங்க ரெண்டு பேரும் பாப்போம்னு பிரேக்கைப் பிடிச்சுக் காட்டினேன். குறிக்கு இன்னும் தூரம் இருந்துச்சு. டிரம்மைக் கழட்டித் தூசி எடுத்து மாட்டினோம், சத்தம் நின்னுருச்சு. அந்த ஷூ இன்னைக்கும் ஓடுது.

டயர் வாங்கறப்போ பக்கவாட்டுல நாலு இலக்கம் பாருங்க, 2325ன்னு இருந்தா 2025ல 23வது வாரம் செஞ்சது. காத்து வாரா வாரம், வண்டி சூடாகறதுக்கு முன்னாடி. அளவு செயின் கவர்லயோ மேனுவல்லயோ இருக்கும். காத்து கம்மியா ஓட்டினா டயரோட ரெண்டு ஓரமும் சீக்கிரம் தேயும், பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

பேட்டரிக்கு ஒரு நிமிசம். செல்ஃப் எடுக்கலன்னா உடனே புது பேட்டரின்னு ஓடாதீங்க. 250 ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்குது. வண்டி நிக்கறப்போ 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், ஓடறப்போ பதினாலு ஒட்டி ஏறணும். ஏறலன்னா புது பேட்டரி போட்டாலும் அதுவும் சாகும், கோளாறு சார்ஜ் ஆகற இடத்துல. எனக்கு ஒரு தடவை டெர்மினல்ல பச்சையா பூத்திருந்துச்சு, அவ்வளவுதான் கோளாறு. வெந்நீர், பழைய பல்லு பிரஷ், மேல கொஞ்சம் வாசலின்.

ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸர்ல ஊதித் தர்றேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. இந்த வண்டியில வர்றது எண்ணெய்ப் பசை தடவின பேப்பர், ஊதினா தூசியை நிறுத்தற பசையும் போயிரும். மேனுவல்ல சொன்ன கிலோமீட்டர்ல புதுசு போட்டுருங்க. டெஃப்லான் கோட்டிங், இன்ஜினுக்குள்ள ஊத்தற மருந்து, அதெல்லாம் நான் ஒரு தடவையும் பண்ணதில்ல. வண்டி ஓடிட்டுதான் இருக்கு.

போன வருசக் கணக்கு இதோ. ஆயில், செயின் செட், பிளக், ஒரு கிளட்ச் கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 4,120. அதுக்கு முந்தி நோட்டு போடாத காலத்துல என்ன செலவாச்சுன்னு சொல்ல எனக்கே கணக்கு இல்ல, ஒரு தடவை வண்டியைப் பட்டறையில விட்டா 1,500க்குக் கம்மியா பில் வந்ததில்ல.

ஆமா, மெக்கானிக்கே வேண்டாம்னு நான் சொல்லல. இன்ஜின் பிரிக்கற வேலை, டேப்பெட் சத்தம், கார்புரேட்டர் டியூனிங் எல்லாம் இன்னைக்கும் எங்க தெருமுனை அண்ணன்கிட்டதான். நான் சாமான் வாங்கிட்டுப் போறேன், அவர் கூலி வாங்கிக்கறார். முதல் தடவை முகம் சுளிச்சார், கூலியை அம்பது ரூபாய் கூட்டிக் கொடுத்தேன், இப்போ டீ சொல்றார்.

சரி, கவரை மூடிட்டு வண்டியை இறக்கிடறேன். ஒரு நிமிசம்... அந்த ரப்பர் மூடி எங்க? இங்கதானே வெச்சேன். இது இல்லாம ஓட்டினா மண்ணு பூரா செயினுக்குத்தான் போகும். பாப்பா! கறுப்பா ஒரு மூடி பாத்தியா? ...கேமராவைக் கொஞ்சம் ஆஃப் பண்ணிக்கறேன் மக்களே, அவ கிச்சன் செட்டுல தட்டா வெச்சு விளையாடிட்டிருக்கா.