கட்டைவிரல்தான் பிரேக்கு

வணக்கம் நேயர்களே. தூண்டில் நரம்பைச் சுத்தி வைக்கிற சென்டர்பின் ரீல் பத்திப் பேச கூப்பிட்டாங்க, ரொம்ப சந்தோஷம். நான் இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல ட்ரெண்ட் ஆத்துல தூண்டில் போடுற ஆளு, இந்த ரீலும் இந்த ஊரோடதுதான், 19ஆம் நூற்றாண்டுல மரத்துல கடைஞ்சு செஞ்சாங்க, அப்ப அதுக்குப் பேரே நாட்டிங்ஹாம் ரீல்.

உள்ள ஒண்ணும் கிடையாதுங்க. நடுவுல ஒரு அச்சு, அதுமேல சுத்துற உருளை, அவ்வளவுதான். கியர் இல்ல, கிளட்ச் இல்ல. விரலால லேசா தட்டிவிட்டா ரொம்ப நேரம் நிக்காம சுத்தணும், அதுதான் நல்ல ரீல்.

ஏன் அப்படி சுத்தணும்னா, ஆத்துல மேல்தண்ணி வேகமா ஓடும், அடித்தண்ணி கல்லுல மண்ணுல உரசி மெதுவாதான் போகும். மேல மிதக்கிற தக்கையை அதுபாட்டுக்கு விட்டா கீழ தொங்குற இரையை தரதரன்னு இழுத்துட்டுப் போயிடும், அடியில நிக்கிற பார்பெல் மீன் அதைத் தொடவே தொடாது. அதனால உருளை விளிம்புல கட்டைவிரலை வச்சும் வைக்காமலும் தக்கையை லேசா பிடிச்சு விடணும், அப்ப இரை முன்னாடி போகும், தக்கை பின்னாடியே வரும். இந்த அளவுக்கு நைசா வேற எந்த ரீல்லயும் பண்ண முடியாதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

நரம்பு சுத்துறதுலதான் நிறைய பேர் கெடுத்துக்கிறாங்க. நானும் முதல்ல ஒரு முழு ஸ்பூலையும் ஏத்திட்டேன், மீன் இழுத்ததும் மேல் நரம்பு அடிச்சுத்துக்குள்ள புதைஞ்சுக்கிச்சு, அடுத்த தடவை தக்கை வெட்டி வெட்டிப் போச்சு. 4 இல்லன்னா 5 பவுண்டு இழுவை தாங்குற நரம்பு, 100 கெஜம் இருந்தா தாராளம். உருளையோட அடிப்பக்கத்துல இருந்து நரம்பு வர்ற மாதிரி மாட்டுங்க. தக்கை ஓடும்போது ராச்செட்டை, அதாவது உருளை தானா சுத்தாம தடுக்கிற கொக்கியை, எடுத்து விட்டுடுங்க, கரையில நடக்கும்போது போட்டுக்கோங்க, இல்லன்னா உருளை தானா சுத்தி எல்லாம் சிக்காயிடும்.

தக்கை முங்குச்சுன்னா கட்டைவிரலால உருளையை அமுக்கிட்டு 13 அடி ராடைத் தூக்குங்க. மீன் ஓடுனா விரலைத் தளர்த்தி விடுங்க, நின்னா சுத்துங்க, ஒரு சுத்துக்கு சுமாரா ஒரு அடிதான் வரும், அவசரமே படாதீங்க.

மார்ச் 15லேர்ந்து ஜூன் 15 வரைக்கும் இங்க ஆத்துல தூண்டில் போடக்கூடாது இல்லையா, அப்ப உருளையைக் கழட்டி அச்சைத் துடைச்சு ஒரே ஒரு சொட்டு லைட் ஆயில் விடுங்க, கிரீஸ் வேண்டவே வேண்டாம், சுத்தறது மந்தமாயிடும்.