நாலு கம்பியிலிருந்து ஐந்து கம்பிக்கு: காரைதீவுத் தம்பியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. காரைதீவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். யாழை ஆராய்ந்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து கம்பியைப் பற்றி ஒரு கேள்வி வருகிறது, எனக்குப் பெரிய சந்தோஷம்.

தம்பி கேட்கிறார்: "அண்ணன், பல வருஷமாக நாலு கம்பி பேஸ் கிற்றார்தான் வாசித்தேன். இப்போது ஐந்து கம்பி ஒன்று வாங்கியிருக்கிறேன். ஈ கம்பி என்று நினைத்துத் தட்டினால் பி கம்பி விழுகிறது. எதை வாசித்தாலும் அடியில் ஒரு உறுமல் ஓயாமல் கேட்கிறது. இது பழகிவிடுமா, இல்லாவிட்டால் விற்றுவிட்டு நாலுக்கே போகட்டுமா?"

விற்க வேண்டாம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வரி: பேஸ் என்பது தாழ்ந்த சுரங்களுக்கான கிற்றார். நாலு கம்பியில் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. ஐந்து கம்பியில் ஈக்குப் பக்கத்தில் அதைவிடத் தடித்த பி ஒன்று சேரும். கை தடுமாறுவது தானாகச் சரிவரும். உறுமல் தானாகப் போகாது. அதனால் அதை முதலில் பார்ப்போம்.

போனில் பார்க்கிறவர்கள் ஹெட்போனைப் போடுங்கள். பி கம்பியின் அதிர்வு வினாடிக்கு 31 தடவைக்கும் கொஞ்சம் குறைவு. ஈ கம்பி 41. போன் ஸ்பீக்கருக்கு இரண்டுமே எட்டாது. சரி, இப்போது ஏ கம்பியில் இரண்டாவது ஃபிரெட்டை, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த இரண்டாவது உலோகக் கோட்டில், அழுத்தி வாசிக்கிறேன். வாசித்த உடனே அந்தக் கம்பியை நிறுத்திவிட்டேன். கேட்கிறதா? நான் தொடவே தொடாத தடித்த கம்பி பாடிக்கொண்டிருக்கிறது. டி கம்பியில் நாலாவது ஃபிரெட்டுக்கும் அப்படித்தான். தடித்த கம்பியின் சுரத்தோடு கூடவே மெல்லியதாக எழும் மேல் சுரங்களோடு இந்தச் சுரங்கள் ஒத்துப்போவதால் அது தானாக எழும்புகிறது. தம்பியின் கிற்றாரில் பழுது ஒன்றும் இல்லை. நல்ல கிற்றார் என்றால் இன்னும் நன்றாகவே எழும்பும்.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். திரும்பவும் சொல்கிறேன்: ஐந்தாவது கம்பியை வாசிக்கப் பழகமுன் அடக்கப் பழகுங்கள்.

வலது கைப் பெருவிரலைப் பாருங்கள். நாலு கம்பியில் அனேகமானோர் அதைப் பிக்கப்பின், அதாவது கம்பிகளுக்குக் கீழே ஒலியைப் பிடிக்கிற பெட்டியின், மேல் ஊன்றிவிட்டு அங்கேயே விட்டுவிடுவார்கள். ஐந்தில் அது சரிவராது. பி வாசிக்கும்போது மட்டும்தான் பெருவிரல் பிக்கப்பில். ஈ கம்பிக்கு வந்தால் பெருவிரல் பி மேல் இறங்க வேண்டும். ஏ கம்பிக்கு வந்தால் பி, ஈ இரண்டிலும் சாய்ந்து படுக்க வேண்டும். டிக்கும் ஜிக்கும் போனால் விரலின் பக்கம் பி, ஈ மேல், நுனி ஏ மேல். வாசிக்கிற விரல்களும் மிண்டிவிட்டு அடுத்த தடித்த கம்பியில் போய் நிற்கட்டும், அதுவும் அதை அடக்கும். இடது கைச் சுட்டுவிரலை நுனியில் மட்டும் ஊன்றாமல் கொஞ்சம் படுக்க வையுங்கள். மெல்லிய கம்பிகளை அது பார்த்துக்கொள்ளும்.

கை தடுமாறுவது ஏன்? ஓரத்தில் இருக்கிற தடித்த கம்பிதான் ஈ என்று கை இத்தனை வருஷமாக நம்பியிருக்கிறது. கண்ணால் பார்த்துத் திருத்தப் போனால் மேடையில் நேரம் போதாது. முதலில் பி கம்பியைப் பெருவிரல் வைக்கிற இடமாக மட்டும் வைத்திருங்கள். தெரிந்த பழைய பாட்டுகளை, அதை ஒரு தரமும் மிண்டாமல் வாசியுங்கள். பெருவிரல் அங்கே குடியிருக்கத் தொடங்கினால் அடுத்தது ஈ என்று கைக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பி கம்பியில் ஐந்தாவது ஃபிரெட்டிலிருந்து தொடங்குங்கள். அது வெறும் ஈ கம்பியின் அதே சுரம். எட்டாவது ஜி, பத்தாவது ஏ. கையை ஐந்தாவது ஃபிரெட்டில் வைத்தபடி கிட்டத்தட்ட இரண்டு ஸ்தாயி வாசிக்கலாம், மேலும் கீழும் ஓடத் தேவையில்லை. ஐந்து கம்பியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வசதிதான்.

கீழ்ச் சுரங்களுக்கும் தேவை இருக்கிறது. கட்டை, அதாவது பாடுகிற சுருதியின் அளவு, பற்றிய வீடியோவைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கோயில் திருவிழா மேடை. மூன்று கட்டையில் ஒத்திகை பார்த்த பாட்டு, அதாவது ஈ. பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "அரைக் கட்டை இறக்குங்கோ" என்கிறார். கீபோர்ட்காரர் சுருதி மாற்றுகிற ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தடவை அமத்திவிட்டுச் சிரிக்கிறார். நாலு கம்பிக்காரர் என்ன செய்வார்? அவருடைய கடைசிச் சுரமே ஈ. ஈ ஃபிளாட் வேண்டுமென்றால் ஒரு ஸ்தாயி மேலே போக வேண்டும், பாட்டின் அடித்தளமே போய்விடும். ஐந்து கம்பியில் பி கம்பி, நாலாவது ஃபிரெட். அவ்வளவுதான். 1951இல் ஃபெண்டர் கம்பனியின் பிரிசிஷன் என்ற பேஸ் கிற்றார் வந்தபோது நாலு கம்பிதான். 1965இல் அதே கம்பனி ஐந்தாவதைச் சேர்த்தது, ஆனால் மேல் பக்கம், மெல்லிய கம்பியாக. அது நிலைக்கவில்லை. தாழ்ந்த பி தான் நிலைத்தது. 80களில் சிந்தசைசர் பேஸ் ஈக்குக் கீழே போகத் தொடங்கியதும் பலருக்கும் அது தேவைப்பட்டது.

தம்பி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். ஒரு சுரத்தை எப்போது நிறுத்துவது? எல்லோரும் எந்தச் சுரத்தைத் தொடங்குவது என்றுதான் கேட்கிறார்கள். மட்டக்களப்பில் பறங்கியர் கல்யாண வீட்டில் பைலா வாசித்துப் பாருங்கள். அந்த ஆறு எட்டுத் தாளத்தில் ஆடுகிறவர்களின் கால் தூக்குவது சுரத்தில் இல்லை, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கிற வெளியில். அந்த வெளிக்குள் பி கம்பி உறுமிக்கொண்டிருந்தால் டிரம்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆட்டம் கனத்துப்போகும். கல்லடிக் கடற்கரை மாதிரித் திறந்த வெளியில் தாழ்ந்த சுரம் காற்றோடு போய்விடும், கொஞ்சம் நீட்டினாலும் பாதகமில்லை. தேவாலய மண்டபத்தில் நாலு சுவரும் அதைத் திருப்பி அனுப்பும், அங்கே கட்டாயம் குறுக்கி வாசிக்க வேண்டும். ஆகவே மறுகாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன்: அடக்கப் பழகுங்கள், தம்பி. தாளம் தட்டுகிற மெட்ரோனோமை மெதுவாக வைத்து, அடுத்த தட்டு விழமுன் எல்லாக் கம்பியும் அமைதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கடல் காற்றுக்குக் கம்பி சீக்கிரம் கறள் பிடிக்கும். வாசித்து முடிந்ததும் துடைத்து வையுங்கள், தடித்த கம்பியின் ஒலிதான் முதலில் மங்கும்.

இன்னுமொன்று. பிரிட்ஜ் பக்கம், அதாவது கிற்றார் உடலில் கம்பிகள் முடிகிற இடத்தில், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்து எனக்கு எழுதுங்கள். நாலு கம்பியில் பொதுவாக 19 மில்லிமீட்டர். ஐந்தில் சிலதில் 16.5 வரை நெருங்கியிருக்கும். அப்படி என்றால் வலது கைக்கு வேறு பயிற்சி தருகிறேன்.